தூளாக வரும் பெப்டைடை வீட்டில் கரைத்து ஊசி போடுவதில் ஆபத்து எங்கே இருக்கிறது?

தேன்சிட்டு (கேள்வி)

"ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டிய குப்பிகளில் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) தூளாக வருகிறது. வாங்குகிறவர்கள் அதில் பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர் விட்டுக் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துத் தோலுக்கடியில் போட்டுக்கொள்கிறார்கள். எடை குறைய செமாக்ளூடைடு, டிர்செபடைடு. காயம் ஆற பிபிசி-157. தோல் நிறம் மாற மெலனோடான்-2 என்று பட்டியல் நீள்கிறது.

இதை ஆதரிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது நான்கு. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் கிருமி பயம் இல்லை. அந்தத் தண்ணீரிலேயே கிருமியைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. 99 சதவீதம் தூய்மை என்று லேப் ரிப்போர்ட் இருக்கிறது. அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிக்கொள்ளலாம்.

இவற்றில் எது நிற்கும், எது நிற்காது? அதிகமாகத் தப்பு நடப்பது எந்த இடத்தில்? சும்மா பயமுறுத்தாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

இந்த வாதங்கள் பெரும்பாலும் குப்பிக்குள் இருக்கும் தூள் ஏற்கெனவே கிருமியற்றது என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. நிரூபணம் இல்லாத இடமே அதுதான்.

இந்தத் தூள் கரைசலை உறைய வைத்து உலர்த்திச் செய்வது; அது கிருமியைக் கொல்லும் முறை இல்லை. ஆய்வகங்கள் பாக்டீரியா ரகங்களை வருடக்கணக்கில் உயிரோடு பாதுகாப்பதே அந்த முறையில்தான். மருந்துத் தொழிற்சாலையில் கரைசலை முதலில் வடிகட்டுவார்கள். பிறகு, அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 3,520ஐத் தாண்டாத இடத்தில் குப்பியில் நிரப்புவார்கள். உலர்த்தும் அறைக்குள்ளேயே ரப்பர் மூடியை அழுத்தி அடைத்துவிடுவார்கள். பெப்டைடு சூடு தாங்காது. கடைசியில் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் வேகவைத்து) சரிக்கட்ட வழியில்லை. ஆக, முதல் படியிலிருந்து எல்லாமே சுத்தமாக நடந்திருந்தால்தான் குப்பி சுத்தம். "ஆராய்ச்சிக்கு மட்டும்" குப்பிக்கு அந்தப் படிகளை யாரும் கட்டாயமாக்கவில்லை. சோதனைக் குழாயில் போடுகிற பொருளுக்கு அது தேவையும் இல்லை.

கண்ணால் பார்த்தும் பயனில்லை. ஒரு மி.லி.யில் பத்து லட்சம் பாக்டீரியா இருந்தாலும் கரைசல் பளிச்சென்றுதான் தெரியும். கலங்கினால் தூக்கிப்போட வேண்டும் என்பது சரி. தெளிவாக இருப்பதால் நல்லது என்பது தப்பு.

இனி அந்த நான்கு வாதங்களில் மூன்று.

ஸ்பிரிட்: 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ரப்பர் மூடியின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும். தேய்த்தபின் தானாக உலர விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் கிருமி சாக நேரம் கிடைக்காது, ஆல்கஹாலும் ஊசியோடு உள்ளே போகும். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் கலந்திருந்தால்தான் அது கிருமியின் புரதத்தை நன்றாகச் சிதைக்கும். பாக்டீரியா ஸ்போர்களை (கெட்டி உறைக்குள் உறங்கும் பாக்டீரியாவை) எந்த ஆல்கஹாலும் கொல்லாது. முக்கியமாக, மூடியின் மேலே துடைப்பதற்கும் உள்ளே இருக்கும் தூளுக்கும் சம்பந்தமே இல்லை.

தண்ணீர்: அதில் இருப்பது 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹால். திரும்பத் திரும்பக் குத்தும்போது தவறி உள்ளே போகும் கொஞ்சம் கிருமி பெருகாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. ஏற்கெனவே கெட்டுப்போன குப்பியை அது நல்லதாக்காது. வைரஸையும் ஸ்போரையும் ஒன்றும் செய்யாது.

ஃபில்டர்: பாக்டீரியாவைப் பிடிக்கும், எண்டோடாக்சினைப் பிடிக்காது. எண்டோடாக்சின் என்பது கிராம்-நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் வெளிச்சுவர்த் துண்டு. பாக்டீரியா செத்த பிறகும் அது கரைசலில் மிதக்கும். கொதிக்க வைத்தாலும் ஆட்டோகிளேவில் வைத்தாலும் போகாது. கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை நீக்கத் தொழிற்சாலையில் 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். ஊசி மருந்துக்கான வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் யூனிட். "இது வேதிமுறையில் செய்த பெப்டைடு, பாக்டீரியாவில் வளர்த்தது இல்லை, எண்டோடாக்சின் எப்படி வரும்" என்று கேட்பார்கள். தண்ணீர்க் குழாயில் படியும் பாக்டீரியாப் படலத்திலிருந்து, கழுவாத கண்ணாடியிலிருந்து, கையிலிருந்து வரும்.

தவிர, நைலான் சவ்வுள்ள ஃபில்டர் பெப்டைடையே உறிஞ்சிக்கொள்ளும்; அளவு குறைந்தது தெரியாமல் போகும். வடிகட்டிய கரைசல் போய் விழும் இரண்டாவது குப்பி சுத்தமா என்பது இன்னொரு கேள்வி. சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தொழிற்சாலையில் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். வீட்டில் அது நடக்காது.

கணக்குப்புலி

நுண்ணோக்கி சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் "அதிகமாகத் தப்பு நடப்பது எங்கே" என்ற கேள்விக்கு என் பதில் கணக்கு. மூன்று அளவுகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன: மில்லிகிராம், மி.லி., சிரிஞ்சில் உள்ள யூனிட்.

யூனிட் என்பது மருந்தின் எடை இல்லை. யூ-100 இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் சேர்ந்து 1 மி.லி.; அதாவது 1 யூனிட் 0.01 மி.லி. அவ்வளவுதான். அதற்குள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பது எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பதைப் பொறுத்தது.

5 மி.கி. குப்பியில் 2 மி.லி. விட்டால் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. அப்போது 0.25 மி.கி. என்பது 10 யூனிட். அதே குப்பியில் 1 மி.லி. மட்டும் விட்டவருக்கு 10 யூனிட் 0.5 மி.கி. ஆகிவிடும். அடுத்த முறை 10 மி.கி. குப்பி வாங்கி, 1 மி.லி. விட்டு, பழைய பழக்கத்தில் 10 யூனிட் எடுத்தால் 1 மி.கி.; நினைத்ததைப்போல் நான்கு மடங்கு. "10 யூனிட் போடு" என்று யாராவது எழுதிய அறிவுரை, தண்ணீரின் அளவும் குப்பியின் அளவும் சேர்ந்து வராவிட்டால் வெற்று எண்.

இன்னொரு சறுக்கல், 0.25 என்பதை 25 யூனிட் என்று படிப்பது. ஒரு மி.லி.க்கு 5 மி.கி. உள்ள கரைசலில் 25 யூனிட் என்றால் 1.25 மி.கி.; ஐந்து மடங்கு. ஒரு மி.லி.க்கு 10 மி.கி. என்றால் பத்து மடங்கு. மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் மாற்றிப் படித்தால் ஆயிரம் மடங்கு. அதைச் சொல்லவே வேண்டாம்.

யூ-40 சிரிஞ்சுகளும் புழக்கத்தில் உள்ளன. அதில் 40 யூனிட்டுக்கே 1 மி.லி. ஆகிவிடும். யூ-100க்குப் போட்ட கணக்கை வைத்து அதில் 10 யூனிட் இழுத்தால் 0.1க்குப் பதிலாக 0.25 மி.லி. வந்துவிடும், இரண்டரை மடங்கு.

இது படிக்காதவர்கள் செய்யும் தப்பு என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பார்மசிகள் கலந்து குப்பியில் கொடுத்த செமாக்ளூடைடில் அளவுப் பிழை நடப்பதாக எச்சரிக்கை வெளியிட்டது. நோயாளிகள் தாங்களே சிரிஞ்சில் இழுத்தபோது, எடுக்க வேண்டியதைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்ட சம்பவங்கள் அதில் உண்டு. 2 யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில் 20 யூனிட் என்று மருத்துவத் தரப்பே எழுதியதும் உண்டு. கவனியுங்கள்: அங்கே கரைசலின் செறிவு லேபிளில் இருந்தது. வீட்டில் கரைக்கிறபோது அந்த எண்ணையே நாம்தான் உண்டாக்குகிறோம்.

செமாக்ளூடைடு வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரம் கழித்துத்தான் ஏற்றப்படுகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும். அதிகமாகப் போட்டுவிட்டால் வாந்தி இரண்டு மணி நேரத்தில் நின்றுபோகிற விஷயம் இல்லை, பல நாள் இழுக்கும். நீர்வற்றி சிறுநீரகம் அடிபடுவது அந்த வழியில்தான். மாற்றுமருந்து கிடையாது.

ஆய்வுமேசை

99 சதவீத ரிப்போர்ட் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே இருந்தாலும் போதாது.

அந்த எண்ணைத் தரும் எச்பிஎல்சி கருவி (கலவையைப் பிரித்துக் காட்டுவது) 214 அல்லது 220 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் பொருள்களை மட்டும் காட்டுகிறது. வரைபடத்தில் தெரியும் சிகரங்களின் மொத்தப் பரப்பில் 99 பங்கு நம் பெப்டைடு என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஈரம், உப்பு, உலோகம், எண்டோடாக்சின், உயிருள்ள கிருமி எதுவும் அந்த வரைபடத்தில் வராது. தயாரிப்பில் சேரும் டிஎஃப்ஏ எனப்படும் ட்ரைஃபுளோரோ அசெட்டிக் அமிலம் பெப்டைடின் காரப் பகுதிகளோடு உப்பாக ஒட்டிக்கொள்ளும். தராசில் நிற்கும் எடையில் அதுவும் ஈரமும் உண்டு. அதனால் "99 சதவீதம் தூய்மை, 5 மி.கி." என்ற தூளில் உண்மையான பெப்டைடு 4 மி.கி.யாக இருக்கலாம், இரண்டு வாசகமும் ஒரே நேரத்தில் சரியாகவே இருக்கும். நிரப்பும்போது கூடுதலாக விழுந்த குப்பிகளும் உண்டு. கணக்குப்புலி போட்ட கணக்கு முழுவதும் லேபிள் எண்ணின் மேல்தான் நிற்கிறது. அந்த எண்ணே ஆடினால் கணக்கு என்ன ஆகும்?

மீதி 1 சதவீதம் என்ன என்பது அதைவிட முக்கியம். சங்கிலியில் ஒரு அமினோ அமிலம் விட்டுப்போன துண்டுகள், இடக்கை வடிவத்துக்குப் பதிலாக வலக்கை வடிவம் புகுந்தவை. இந்த இரண்டாவது வகையின் நிறை அசலோடு ஒன்றேதான். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரால் மட்டும் பிரிக்க முடியாது. லிராக்ளூடைடு, டெரிபாராடைடு போன்றவற்றின் வேதிமுறை ஜெனரிக்குகளுக்கு எஃப்டிஏ 2021இல் கொடுத்த வழிகாட்டுதலில், அசல் மருந்தில் இல்லாத புதிய கசடு ஒன்று 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. காரணம், உடல் இத்துண்டுகளை அந்நியமாகப் பார்த்து எதிர்ப்புப் புரதம் உண்டாக்கக்கூடும். அது உடலின் சொந்த ஹார்மோனையும் சேர்த்துத் தாக்கலாம். இது கற்பனை இல்லை: 1998இல் ஒரு எரித்ரோபாயட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) தயாரிப்பின் சேர்மானம் மாற்றப்பட்டபின், தோலுக்கடியில் போட்டுக்கொண்ட சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாகி, சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. அது ஒழுங்காக அங்கீகரிக்கப்பட்ட மருந்து.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் பார்க்க வேண்டியவை: உங்கள் குப்பியின் பேட்ச் எண்ணும் ரிப்போர்ட்டின் பேட்ச் எண்ணும் ஒன்றா, பெப்டைடின் நிகர எடை தனியாகக் கொடுத்திருக்கிறார்களா, எண்டோடாக்சின் அளவு எண்ணாக உள்ளதா, ஸ்டெரிலிட்டி சோதனை (கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) உண்டா. கடைசியது பெரும்பாலும் இருக்காது. பார்மகோபியா எனும் மருந்துத் தரநூல் சொல்லும் முறையில் பல குப்பிகளை உடைத்து, இரண்டு வகை ஊடகங்களில் 14 நாள் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு குப்பியை அனுப்பிச் சோதித்துவிட்டு மொத்தப் பேட்சும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

நேர்வழக்கு

எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. சர்க்கரை மிகவும் இறங்கினால் போடும் குளூக்ககான் அவசர ஊசி தூளாகத்தான் வருகிறது, வீட்டில்தான் கரைக்கிறார்கள். குழந்தையின்மைச் சிகிச்சையில் ஹார்மோன் தூளைப் பெண்கள் தாங்களே கரைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லையே?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, விஷயம் அங்கேதான் பிரிகிறது. அந்த மருந்துகளில் தூளும் ஸ்டெரைல், கரைக்கும் திரவமும் ஸ்டெரைல். எவ்வளவு திரவம் என்பது அளந்தே வருகிறது. பெட்டிக்கு ஒரே செறிவு. பல தயாரிப்புகளில் ஒரு குப்பி ஒரு முறைக்குத்தான். வீட்டில் செய்யும் படி மிகச் சிறியது; அதில் தவறினாலும் சேதத்துக்கு எல்லை உண்டு.

ஆராய்ச்சிக் குப்பியில் கரைப்பவர் கையைக் கழுவுவதும், புது ஊசி எடுப்பதும், துடைப்பதும் எல்லாம் பத்து நிமிட வேலை. ஆபத்தின் பெரும்பங்கு அதற்கு மாதங்களுக்கு முன்பே, குப்பியை நிரப்பிய இடத்தில் முடிவாகிவிட்டது. அதை இந்தப் பத்து நிமிடத்தால் திருப்ப முடியாது. அதற்காகக் கை கழுவுவது வீண் என்றும் சொல்லவில்லை. இருக்கும் ஆபத்தோடு இன்னொன்றைச் சேர்க்காமல் இருக்க அது உதவும், அவ்வளவே.

சுத்த அறை உள்ள இடங்களிலும் தவறும். 2012இல் அமெரிக்காவில் மருந்தைத் தானே கலந்து தயாரிக்கும் ஒரு காம்பவுண்டிங் பார்மசியின் ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து, 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது முதுகுத்தண்டருகே போட்ட ஊசி, தோலடி ஊசியைவிடப் பலமடங்கு அபாயம். ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தையும் மனதில் வைக்க வேண்டும்.

தேன்சிட்டு

தெளிவாகப் புரிகிறது. இன்னும் சில சின்னக் கேள்விகள். குப்பியைக் குலுக்கக்கூடாது என்பது ஏன்? 28 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? ஃப்ரீஸரில் வைத்தால் அதிக நாள் வருமா? இரண்டு பெப்டைடை ஒரே சிரிஞ்சில் கலந்து ஒரே குத்தாகப் போடுகிறார்களே, அது?

குப்பிமூடி

குலுக்கினால் நுரை வரும். நுரையின் காற்று-நீர் எல்லையில் பெப்டைடு மூலக்கூறுகள் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்டது வேலை செய்யாது. ஆய்வுமேசை சொன்ன எதிர்ப்புப் புரதத்தை அதிகம் தூண்டுவதும் அந்தத் திரள்தான். குப்பிக்குள் வெற்றிடம் இருந்தால் தண்ணீரைப் பீறிட்டு இழுக்கும், அதுவும் நேராகத் தூளின் மேல் அடிக்கும். சுவரில் சாய்த்து மெல்ல விடச் சொல்வது அதனால்தான்.

ரப்பர் மூடியை ஒரே இடத்தில் தடித்த ஊசியால் குத்திக்கொண்டே இருந்தால் ரப்பர்த் துணுக்கு பெயர்ந்து உள்ளே விழும். மெல்லிய ஊசி வழியே அதுவும் தோலுக்கடியில் போகலாம்.

28 நாள் என்பது பென்சைல் ஆல்கஹால் போன்ற பாதுகாப்புப் பொருள் உள்ள பலமுறைக் குப்பிகளை முதலில் குத்தியபின் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு. கிருமி சம்பந்தப்பட்ட எண் அது. பெப்டைடு அத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று அது சொல்லவில்லை. சில நாள்களிலேயே சிதைபவை உண்டு. இன்னொன்று, வெறும் ஸ்டெரைல் வாட்டரில் கரைத்திருந்தால் 28 நாள் என்ற பேச்சே இல்லை. அதில் பாதுகாப்புப் பொருள் கிடையாது, ஒருமுறைக்கானது. இரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாற்றி வாங்குவது சகஜம்.

உலர்ந்த தூளை உறைநிலையில் வைக்கலாம். கரைத்ததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைய விட்டால் பனிப்படிகம் வளரும்போது உப்பும் பெப்டைடும் மிச்ச நீரில் செறிந்து, அமிலத்தன்மை மாறி, திரளும். உருகியபின் பார்க்கத் தெளிவாக இருக்கலாம்.

கலப்பது வேண்டாம். ஒவ்வொன்றும் கரைந்து நிற்கும் அமிலத்தன்மை வேறு. ஒன்று மற்றொன்றை வீழ்படிவாக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்தால் அளவும் போச்சு, குத்திய இடத்தில் முடிச்சும் வரும்.

இரவுப்பணி

யாராவது ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் தெரிய வேண்டியது, எந்தக் கோளாறு எப்போது தலைகாட்டும் என்பது.

சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு: ஒவ்வாமை அதிர்ச்சி, உடனே ஆம்புலன்ஸ். ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் எண்டோடாக்சினைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று நாளில் சிவப்பு பரவிக்கொண்டே போய், சூடும் வலியும் ஏறினால் வழக்கமான பாக்டீரியாத் தொற்று. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்தால் பரவுகிறதா என்று தெரியும்.

தவறவிடுவது நான்காவது வகை. குத்திய இடத்தில் இரண்டு வாரமோ ஒன்றரை மாதமோ கழித்து, அதிகம் வலிக்காத ஊதாநிறக் கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் நிற்கும். மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், செலோனே போன்றவை காரணமாக இருக்கலாம். குழாய்த் தண்ணீரில் வாழும், குளோரினைத் தாங்கும் கிருமிகள் இவை. சாதாரண ஆன்டிபயாட்டிக் கேட்காது, வழக்கமான கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) பிடிபடாமலும் போகலாம். ஊசி போட்டதைச் சொன்னால்தான் மருத்துவர் மைக்கோபாக்டீரியா கல்ச்சர் தனியாகக் கேட்பார். வெட்கப்பட்டு "பூச்சி கடித்தது" என்று சொல்லி மாதக்கணக்கில் தவறான மாத்திரை சாப்பிடுவது இதில்தான் நடக்கிறது.

அளவு மிஞ்சிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் விஷமுறிவு உதவி எண்ணையோ அவசரப் பிரிவையோ கூப்பிட வேண்டும். எத்தனை மி.கி. குப்பி, எவ்வளவு தண்ணீர், எத்தனை யூனிட், எந்த நேரம் என்ற நான்கையும் சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் அதையும் சேர்த்து. சர்க்கரை இறங்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி கணையத்தைப் பற்றியது, அதற்குக் காத்திருக்கவே கூடாது.

குப்பியை இருவர் பகிர்ந்தால் ஊசியை மட்டும் மாற்றுவது போதாது. ரத்தம் சிரிஞ்சுக் குழாய்க்குள்ளும் ஏறும், அந்தச் சிரிஞ்சு திரும்பக் குப்பிக்குள் போனால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் குப்பி வழியே மற்றவருக்குப் போகலாம்.

மீதிக் குப்பியைக் கொட்டிவிடாதீர்கள். மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, கரைத்த தண்ணீர்க் குப்பியையும் சேர்த்து மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். கிருமி எதில் இருந்து வந்தது என்று பார்க்க இரண்டும் வேண்டும்.